பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்கு
லிஃப்டுக்குள் மூச்சு முட்டுகிறது என்றால்
ஃபோர்மேன் சிரிக்கத்தானே செய்வார்.
சிரித்தார்.
பிறகு அரை நாள் லீவு தந்தார்,
சம்பளம் இல்லாமல்.

முதல் தடவை மாரடைப்பு என்றே நினைத்தேன்.
அல் நஹ்தாவில் ஒரு அவசரப் பிரிவு.
ஈசிஜி தாளை நீட்டிப் பார்த்த நெல்லைக்கார நர்ஸ்
"இருதயத்துக்கு ஒண்ணும் இல்ல, இருதயராஜ்" என்று
தன் பகடியைத் தானே ரசித்தாள்.
நானூற்றுப் பத்து திர்ஹம் ரசீதோடு
அந்த ஒன்றுமில்லாததை
பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு நடந்தேன்.
கனத்தது.

டாக்டர் ஹனான் எகிப்துக்காரர்.
வெள்ளைத் தாளில் மூன்று வட்டம் போட்டார்.

முதல் வட்டம் அரை மணியில் கேட்கும்.
தண்ணீர் தெளித்த கரியடுப்பாக
நெஞ்சு புஸ்ஸென்று அணையும்.
"எங்கே நின்று வேலை?"
குழிக்குள், பெட்டியின் தலைமேல் நின்று.
பேனா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.
கண் சொருகும், என்றார்.
பழகினால் விடாது,
சட்டென்று விட்டால் அதற்கும் கோபம் வரும்.
இந்த ஊரில் அந்தச் சீட்டுக்குத் தனிக் கணக்கும் உண்டு.

அடுத்தது படபடப்பையும் கை நடுக்கத்தையும் மட்டும்
பிடித்து வைக்குமாம்.
பயம் போகும், வரும்,
மேளம் இல்லாத ஊர்வலமாக.
எனக்கு அது பிடித்திருந்தது.
"சின்ன வயதில் இளைப்பு?"
உண்டு என்றேன்.
அடித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது மெதுவானது.
நாலு வாரம் ஆகும், ஆறும் ஆகலாம்.
முதலில் குமட்டும், தூக்கம் கெடும்,
எதற்காக விழுங்குகிறோமோ அதுவே
சில நாள் கூடியும் காட்டும்.
கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு
இன்னொரு விளைவையும்
பேனாவின் மூடியிடம் சொன்னார்.
பிரிஸ்கா இருப்பது தூத்துக்குடியில்,
அடுத்த லீவுக்குப் பதினான்கு மாதம்.
அந்தக் கவலையை அப்போது படுகிறேன், டாக்டர்.

மருந்துக்கடை மலையாளிப் பையன்
இன்சூரன்ஸ் அட்டையை இரண்டு முறை தேய்த்துவிட்டு
"மனசு இதில் வராது சேட்டா" என்றான்.

அறையில் தமீம் அன்சாரி
ஊரிலிருந்து வரும் மச்சானிடம்
முதல் வட்டத்தில் ஒரு அட்டை சொல்லிவிடவா என்றான்.
நம்பரைத் தட்டினான்.
"ஏர்போர்ட்ல புடிச்சா அவனையில்ல உள்ள வப்பான்"
என்று அவனே சொல்லி
அவனே போனைக் கவிழ்த்தான்.

ஐந்தாம் நாள் வாந்தி.
ஒன்பதாம் நாள், ஏசி பதினெட்டில் இருக்க
போர்வைக்குள் வேர்த்துக் கிடந்தேன்.
முதல் வட்டம், முதல் வட்டம் என்று
கடன்காரனாகக் கதவைத் தட்டியது நெஞ்சு.
பதினேழாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காததை எந்தப் பத்தியில் எழுதுவது?
பிரிஸ்காவிடம் "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்றேன்.

இருபத்து மூன்றாம் நாள்
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
ஒரு பெட்டி நின்றுவிட்டது.
கதவை நாலு விரல் நெம்பினேன்.
இடுக்கில் வந்த மூச்சை
எனக்கு நன்றாகத் தெரியும்.
உள்ளே ஒரு பிலிப்பைன்ஸ் பெண்,
கையில் கேக் பெட்டி,
செத்துப்போகிறேன் என்கிறாள்.

பயப்படாதே என்று சொல்லவில்லை.
அதை எனக்குச் சொன்னவர்களை
நான் இன்னும் மன்னிக்கவில்லை.
பக்கத்துத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது,
வாசி, என்றேன்.
பதின்மூன்று பேர். ஆயிரம் கிலோ.
மறுபடி வாசி.
பதின்மூன்று பேர். ஆயிரம் கிலோ.
பதினோரு தடவை வாசித்தாள்.
நான் எண்ணினேன். எனக்கும் வேண்டியிருந்தது.

வெளியே இழுத்து நிறுத்தியதும்
"உனக்குப் பயமே கிடையாதா?" என்றாள்.
"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு" என்றேன்,
தமிழில்.
புரிந்தவள் போலத் தலையாட்டிவிட்டு
படிக்கட்டுப் பக்கம் போனாள்.
கேக் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

குழி விளக்கைப் போட்டு
பெட்டியின் தலைமேல் இறங்கினேன்.
வலது முழங்கால் ஆடியது.
ஆடட்டும் என்று விட்டுவிட்டு
கம்பிவடத்தைத் துடைக்கத் தொடங்கினேன்.